சான் ஃபெலிப்பே கடற்கரையில் குளிர்காலம்: டிரெய்லர் குடியிருப்புக்கு முதன்முறை வருபவர்களுக்கு

முதல் குளிர்காலத்தில் டிரெய்லர் (வண்டியில் இழுத்துச் செல்லும் சக்கர வீடு) எதையும் விலைக்கு வாங்காதீர்கள். வாடகைக்கு எடுங்கள். இந்தக் குறிப்பில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். டொராண்டோவில் பனி வாரி முதுகு ஒடிந்தவர்கள், ஜனவரி மாதத்தில் அரைக்கைச் சட்டையோடு கடலைப் பார்த்து உட்காரும் ஓர் இடத்தைக் கண்டதும் மனம் இளகிவிடுவார்கள். விற்பவர்களுக்கும் அது நன்றாகத் தெரியும்.

சான் ஃபெலிப்பே, மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா மாநிலத்தில் உள்ள மீனவ ஊர். எல்லை நகரமான மெஹிகாலியிலிருந்து 5ஆம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர். ஒரு பக்கம் கலிஃபோர்னியா வளைகுடா, மறுபக்கம் பாலைவனம், அதற்கப்பால் தீபகற்பத்திலேயே உயரமான சிகரத்தைக் கொண்ட சான் பெத்ரோ மார்த்திர் மலைத்தொடர். சூரியன் கடலில் உதித்து மலையில் மறையும். ஊருக்கு வடக்கிலும் தெற்கிலும் கரையோரமாகக் ‘காம்போ’ எனப்படும் குடியிருப்புகள் இருக்கின்றன. நிலத்துக்காரர் மனைகளாகப் பிரித்து ஆண்டு வாடகைக்கு விடுகிறார். வந்தவர் டிரெய்லரை நிறுத்துகிறார், முன்னால் ‘பலாப்பா’ என்னும் ஓலைக்கூரை போடுகிறார், இரண்டு மூன்று வருடத்தில் பக்கத்தில் ஓர் அறையும் கட்டிவிடுகிறார். பெரும்பாலும் ஓய்வு பெற்ற அமெரிக்கர்களும் கனடியர்களும். நவம்பரில் வந்து ஏப்ரலில் கிளம்பிவிடுவார்கள், ஏனென்றால் கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். தமிழ்க்கடை, கோயில், சங்கம் எதுவும் இங்கே கிடையாது. அது இல்லாமல் நான்கு மாதம் இருக்க முடியாது என்பவர்கள் இப்போதே வேறு இடம் பார்ப்பது நல்லது.

நிலம் யாருடையது?

மெக்சிகோ அரசியலமைப்பின் 27ஆம் பிரிவின்படி, கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள்ளும் நாட்டின் எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள்ளும் வெளிநாட்டவர் நேரடியாக நிலம் வாங்க முடியாது. வங்கியின் பெயரில் ‘ஃபிதேயிகோமிசோ’ என்னும் டிரஸ்ட் ஏற்படுத்தி அனுபவிக்கலாம். அது 50 ஆண்டுக்கானது, புதுப்பிக்கலாம். ஆனால் காம்போக்களில் நடப்பது பெரும்பாலும் அதுவல்ல, வெறும் குத்தகை. “கடலோர வீடு விற்பனைக்கு” என்று ஒருவர் சொன்னால், அவர் விற்பது பழைய டிரெய்லரையும் அதைச் சுற்றிக் கட்டிய சுவரையும்தான். அடியில் இருக்கும் மண் அவருடையதல்ல, உங்களுடையதாகவும் ஆகாது. போதாக்குறைக்கு, உச்ச நீர்மட்டக் கோட்டிலிருந்து 20 மீட்டர் அகலக் கரை மத்திய அரசுக்குச் சொந்தம். அதற்குள் நீட்டிக் கட்டிய திண்ணையைக் காட்டி விலையை ஏற்றுகிறவர்களும் உண்டு.

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று நினைத்தால், 2000ஆம் ஆண்டில் என்சனாடா அருகே புந்தா பாந்தாவில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே குத்தகை நிலத்தில் அமெரிக்கர்கள் பெரிய பெரிய வீடுகள் கட்டியிருந்தார்கள். நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர்களுக்கு அதில் உரிமையே இல்லை என்று மெக்சிகோ உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடியிருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் ஏமாளிகள் அல்லர், தவறான ஆளிடம் வாடகை கொடுத்தவர்கள்.

நம் ஊரில் மனை வாங்குமுன் வில்லங்கச் சான்று பார்க்காதவர் உண்டா? இங்கேயும் அப்படி ஒன்று இருக்கிறது: ‘செர்த்திஃபிகாதோ தே லிபெர்த்தாத் தே கிராவாமென்’. சொத்துப் பதிவு அலுவலகத்தில் கிடைக்கும். நிலம் தனியாருடையதா, ‘எஹிதோ’ என்னும் விவசாயக் கூட்டுரிமை நிலமா என்று கேளுங்கள். எஹிதோ என்றால் கையெழுத்துப் போட யாருக்கு அதிகாரம் உண்டு என்பது தனிக் கேள்வி. ஒப்பந்தம் ஸ்பானிய மொழியில் இருக்க வேண்டும், நீதிமன்றத்தில் செல்லுபடியாவது அதுதான். குத்தகை முடிந்தால் கட்டடம் யாருக்கு, டிரெய்லரை இன்னொருவருக்கு விற்றால் நிலத்துக்காரருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், வாடகை எப்போது எவ்வளவு ஏறும் ஆகிய மூன்றும் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். வாய்வார்த்தை வேண்டாம். பக்கத்து டிரெய்லர்க்காரர் “இருபது வருடமாக ஒன்றும் ஆகவில்லை” என்று சொல்வது ஆவணமாகாது.

எல்லையில்

கனடா, அமெரிக்கப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு விசா தேவையில்லை. இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களிடம் செல்லுபடியாகும் அமெரிக்க விசாவோ, அமெரிக்கா அல்லது கனடாவின் நிரந்தரக் குடியுரிமை அட்டையோ இருந்தால் போதும், மெக்சிகோ தனி விசா கேட்காது. ஆனால் கனடாவிலிருந்து காரில் வரும் நிரந்தரக் குடியிருப்பாளருக்கு இடையில் அமெரிக்காவைக் கடக்க அமெரிக்க விசா வேண்டும். எச்-1பி என்னும் அமெரிக்க வேலை விசாவில் இருந்து, பாஸ்போர்ட்டில் விசா முத்திரை காலாவதியானவர்கள் கவனிக்கவும்: 30 நாளுக்குள் திரும்பினால் பழைய முத்திரையோடு நுழையலாம் என்ற சலுகை, குளிர்காலம் முழுக்கத் தங்குபவருக்கு உதவாது.

மெஹிகாலியில் நுழையும்போது யாரும் நிறுத்திப் பாஸ்போர்ட் கேட்காமலே போய்விடலாம். போய்விடாதீர்கள். நீங்களாகவே வண்டியை ஓரங்கட்டி, குடிவரவு அலுவலகத்தில் சுற்றுலா அனுமதி வாங்கி, கட்டணம் கட்டி, முத்திரை போட்டுக்கொள்ள வேண்டும். அதிகபட்சம் 180 நாள். எத்தனை நாள் என்பது அதிகாரியின் விருப்பம். நான்கு மாதம் தங்கப் போகிறோம் என்று தெளிவாகச் சொல்லுங்கள், எழுதிய எண்ணை அங்கேயே நின்று பாருங்கள்.

ஒன்டாரியோக்காரர்கள் எந்த 12 மாதத்திலும் 212 நாளுக்கு மேல் மாகாணத்துக்கு வெளியே இருந்தால் ஓஹிப் மருத்துவக் காப்பீட்டுக்குச் சிக்கல் வரும். கோடையில் ஊருக்குப் போய்வந்த நாள்களும் அந்தக் கணக்கில் சேரும்.

பாஹா தீபகற்பத்துக்குள் வண்டிக்குத் தற்காலிக இறக்குமதி அனுமதி தேவையில்லை. படகில் ஏற்றி மெக்சிகோவின் பெருநிலத்துக்குக் கொண்டுபோனால்தான் வேண்டும். மெக்சிகோ வாகனக் காப்பீடு கட்டாயம், உங்கள் ஊர்க் காப்பீட்டை இங்கே எவரும் ஏற்பதில்லை. இழுத்து வரும் டிரெய்லரும் அதில் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். இரவில் ஓட்டாதீர்கள், தெரு விளக்கில்லாத சாலையில் மாடு நிற்கும். வழியில் ராணுவச் சோதனைச் சாவடியில் நிறுத்தினால் பதற்றமில்லாமல் கதவைத் திறந்து காட்டுங்கள். வண்டியின் மூலையில் ஒரு துப்பாக்கித் தோட்டா உருண்டு கிடந்தாலும் அது பெரிய குற்றம். பழைய டிரெய்லர் வாங்கி வருபவர்கள் எல்லா இழுப்பறைகளையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

தண்ணீரும் மின்சாரமும்

ஊருக்குள் இருக்கும் டிரெய்லர் பூங்காக்களில் குழாய், மின்சாரம், கழிவுநீர் இணைப்பு எல்லாம் மனை வாடகையோடு வரும். வாடகை அதிகம். வெளியே உள்ள காம்போக்கள் பலவற்றில் மின்கம்பியே கிடையாது. கூரையில் சூரியத் தகடு, கீழே பேட்டரி. தண்ணீர், ‘பீப்பா’ என்னும் லாரியில் வந்து உங்கள் தொட்டியில் இறங்கும். குடிக்க 20 லிட்டர் ‘கர்ராஃபோன்’ கேன். சென்னையில் கோடையைக் கழித்தவர்களுக்கு இதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. கனடாவிலேயே வளர்ந்த பிள்ளைகள்தான் ஷவரை ஓடவிட்டுவிட்டுப் பாட்டுக் கேட்பார்கள்.

முதல் ஆண்டில் ஊருக்குள் இருங்கள். பிறகு காம்போவில் ஒரு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். காற்று வீசும் வாரம் ஒன்றாவது அதில் அடங்க வேண்டும். குளிர்காலத்தில் பகல் 20 டிகிரியை ஒட்டி இதமாக இருக்கும், இரவில் 10க்குக் கீழே இறங்கும். இடையிடையே ‘நோர்த்தே’ என்னும் வடக்குக் காற்று கிளம்பி, இரண்டு மூன்று நாள் மணலை வாரித் தூற்றும். விற்பனைக்கான படங்களில் அந்தக் காற்று தெரியாது.

மின்சாரம் 127 வோல்ட், வட அமெரிக்கப் பிளக்தான். ஊரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் கிரைண்டர் வேலை செய்யாது. அமெரிக்காவில் வாங்கிய மிக்சியையும் சூரிய மின்சாரத்தில் உச்சிவெயில் நேரத்தில் ஓட்டுங்கள், இரவில் ஓட்டினால் பேட்டரி படுத்துவிடும். கேஸ் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு சன்னலையெல்லாம் அடைத்துத் தூங்குவது உயிரைப் பணயம் வைப்பது. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இல்லாத டிரெய்லரில் ஓர் இரவும் படுக்க வேண்டாம்.

கடல்

வளைகுடாவின் இந்த வட மூலையில் ஏற்றவற்றம் மிகப் பெரியது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஆறேழு மீட்டர் வரை வித்தியாசம் வரும். காலையில் வாசலில் இருந்த கடல், மதியம் அரைக் கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கும். நம் தினத்தாள் நாள்காட்டி ஒன்றைச் சுவரில் மாட்டினால் கரையில் நடக்கும் நேரத்தை ஓரளவு ஊகிக்கலாம். திரும்பி வரும் தண்ணீர் வேகமானது. மணல்திட்டில் காரை நிறுத்திவிட்டு நடக்கப் போகாதீர்கள். ஆழமில்லாத நீரில் திருக்கை மணலுக்குள் படுத்திருக்கும். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால் அது விலகிவிடும். கொட்டிவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்திருங்கள், வலி தணியும். பிறகு மருத்துவரிடம் காட்டுங்கள்.

மீனவர்களின் ‘பாங்கா’ படகுகளைப் பழைய லாரிகள் தண்ணீருக்குள் இறங்கி இழுத்து வரும். அந்த நேரம் பார்த்துப் போனால் இறால் கிடைக்கும், ‘சியெர்ரா’ கிடைக்கும். சியெர்ரா நம் வஞ்சிரத்தின், யாழ்ப்பாணத்தாரின் அறுக்குளாவின், நெருங்கிய உறவு. அதே பேரினம். துண்டு போட்டு மிளகாய்த்தூள் தடவிப் பொரித்தால் வேறுபாடு தெரியாது. யாராவது மறைவாக ‘தொத்துவாபா’ என்று காட்டினால் விலகுங்கள். அந்த மீனைக் கடலில் பிடிக்க 1975 முதல் தடை. அதன் காற்றுப்பைக்குச் சீனாவில் கிடைக்கும் விலைக்காக வலை போடுகிறார்கள். அந்த வலையில் சிக்கியே ‘வாக்கித்தா’ என்னும் சிறு கடற்பன்றி அழிவின் விளிம்பில் நிற்கிறது. உலகத்தில் வேறெங்கும் இல்லாத அந்த உயிர், இந்த வளைகுடா முனையில் விரல்விட்டு எண்ணும் அளவே மிஞ்சியிருக்கிறது.

அடுப்படி

இங்கேதான் நமக்கு நல்ல செய்தி அதிகம். புளி ஓட்டோடு கிடைக்கும். கொத்தமல்லி, தேங்காய், பப்பாளி, சமையல் வாழைக்காய் எல்லாம் உண்டு. ‘செர்ரானோ’ மிளகாய் நம் பச்சை மிளகாய் இடத்தை நிரப்பும். ‘சாயோத்தே’ என்று குவித்திருப்பது சௌசௌ. அது இந்த நாட்டிலிருந்துதான் நமக்கு வந்தது. கடையில் ‘கனேலா’ என்று விற்பது இலங்கைக் கறுவா. உலகில் அதை மிக அதிகமாக வாங்கும் நாடு மெக்சிகோ. துவரம்பருப்பு, உளுந்து, சோனா மசூரி, பெருங்காயம் ஆகியவற்றுக்கு சான் டியேகோ இந்தியக் கடைகளையே நம்ப வேண்டும். பெயர் அச்சிட்ட, பிரிக்காத பாக்கெட்டாக எடுத்து வாருங்கள். கறிவேப்பிலை இல்லாமல் பழகிக்கொள்ளுங்கள். இரவுக் குளிரில் தோசை மாவு பொங்காது. பகலில் வெயிலில் நிற்கும் காருக்குள் பாத்திரத்தை வையுங்கள், மாலைக்குள் தயார்.

சைவர்கள் உணவகத்தில் கவனமாக இருக்க வேண்டும். மசித்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம். “சின் மந்தேக்கா” (கொழுப்பு இல்லாமல்) என்று சொல்லிக் கேளுங்கள். சிவப்புச் சோற்றைக் கோழிச் சாற்றில் வேகவைப்பார்கள். மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் ‘ரெஸ்’ என்ற சொல்லைப் பார்த்தால் விலகலாம். ‘கார்னே அசாதா’ என்றாலும் பெரும்பாலும் அதுவே. விலைப்பட்டியலில் டாலர் குறி போட்டிருந்தாலும் அது பேசோ, மயக்கம் வேண்டாம்.

உடல்நலமும் அக்கம்பக்கமும்

ஊரில் சிறு மருத்துவமனைகள் உண்டு. பெரிய சிகிச்சை என்றால் மெஹிகாலிக்கு இரண்டரை மணி நேரப் பயணம். இதயக் கோளாறு உள்ளவர்கள் இந்தத் தூரத்தை மருத்துவரிடம் சொல்லிக் கலந்துகொண்டு வாருங்கள். பயணக் காப்பீடு வாங்கும்போது பழைய நோய்களை மறைக்காதீர்கள். சூடோஎஃபெட்ரின் கலந்த சளி மாத்திரை இந்நாட்டில் தடை. அவசரத்துக்கு 911, நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் 078.

அண்டை அயலார் பொதுவாக உதவும் குணமுடையவர்கள். எவரிடமும் ஸ்பேனரோ பம்போ கேட்கலாம். கூட்டு விருந்துக்கு அழைத்தால் மசால் வடை எடுத்துச் செல்லுங்கள், காரத்தைப் பாதியாக்கி. ஆனால் காம்போவுக்குள்ளேயே ஆங்கிலம் பேசிக்கொண்டு காலத்தை ஓட்டிவிடாதீர்கள். கடையில் நுழைந்ததும் “புவெனாஸ் தியாஸ்” (காலை வணக்கம்) சொல்லாமல் விலை கேட்பது இங்கே மரியாதைக் குறைவு. வயதில் மூத்தவரை ‘தோன்’, ‘தோன்யா’ சேர்த்துப் பெயர் சொல்லி அழையுங்கள். டிசம்பர் 12 குவாதலூப்பே மாதா திருநாள். கலங்கரை விளக்கத்தருகே குன்றின் மேல் அவளுக்கு ஒரு சிற்றாலயம் இருக்கிறது, ஏறிப் பாருங்கள். வேலைக்கு ஆள் வைத்தால் கூலியை முன்கூட்டியே பேசி முடியுங்கள், பேசிய பின் பேரம் பேசாதீர்கள்.

ஏப்ரலில் கிளம்பும்போது குழாய்களில் தண்ணீரை வடித்துவிடுங்கள், கேஸை மூடுங்கள், சன்னல்களுக்குப் பளபளக்கும் தாள் ஒட்டுங்கள். சோடா, ஸ்ப்ரே டப்பா எதையும் உள்ளே விடாதீர்கள், ஜூலை வெயிலில் வெடிக்கும். கோடையில் பார்த்துக்கொள்ளும் காவலாளிக்குச் சேர வேண்டியதை முன்பணமாகவோ மாதாமாதமோ தவறாமல் கொடுங்கள். அமெரிக்க எல்லையில் பழம், பச்சைக் காய்கறி, இறைச்சி இருந்தால் கேட்குமுன்னே சொல்லிவிடுங்கள், மறைத்துப் பிடிபட்டால் அபராதம். மீந்த சியெர்ராவை முந்தைய நாளே பொரித்துத் தின்றுவிட்டுக் கிளம்புங்கள்.