விரால் குளத்தில் சோற்று உருண்டை: மாமிச மீன்களின் இரத்தச் சர்க்கரையில் நாம் செய்யும் தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில், வேலை முடிந்த மாலைகளில் குளம் வெட்டி விரால் வளர்ப்பவர்கள் பெருகிவருகிறார்கள். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் விரால் கொடுத்தால் புண் சீக்கிரம் ஆறும் என்று நம் வீடுகளில் நம்புவதால், அந்த மீன் விற்காமல் தங்குவதில்லை. தீவன விலைதான் கையைக் கடிக்கிறது. ஆகவே அரைத்த சில்லறை மீனோடு தவிட்டையும், சாப்பாட்டுக் கடையில் மிஞ்சிய சோற்றையும் பாதிக்குப் பாதி பிசைந்து உருட்டிப் போடுகிறார்கள். மீனும் தின்கிறது. தின்பதெல்லாம் உடம்பில் ஒட்டும் என்று எண்ணுவதுதான் முதல் தவறு. விரால் மாமிச மீன்; சோற்றிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாகி அதன் இரத்தத்தில் ஏறும்.

“மீனுக்கும் இனிப்பு நீர் வருமா அண்ணே?” என்று குளம் வைத்திருக்கும் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார். இனிப்பு நீர் என்றால் நீரிழிவு. மீனுக்கு இன்சுலின் சுரக்காததால்தான் சர்க்கரை ஏறுகிறது என்பது அவர் எண்ணம். படித்தவர்கள் பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். மீன்களுக்கு இன்சுலின் தாராளமாகவே உண்டு. 1921இல் டொரொன்டோவில் இன்சுலினைக் கண்டறிந்த மறு ஆண்டே, அந்தக் குழுவின் பேராசிரியர் மெக்லியோட் கடல் மீன்களிலிருந்து அதைப் பிரித்தெடுத்துக் காட்டினார். சில மீன்களில் இன்சுலின் சுரக்கும் திசு, செரிமான நீர் சுரக்கும் திசுவிலிருந்து விலகித் தனிக் கட்டியாகவே இருப்பது அவருக்கு வசதியாக அமைந்தது. இதில் கவனிக்க வேண்டியது, மாமிச மீன்களில் அந்தச் சுரப்பைத் தூண்டுவதில் சர்க்கரையைவிடப் புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்களுக்கே வலு அதிகம் என்பதாகும்.

அப்படியானால் கோளாறு எங்கே? இதை மிக விரிவாக ஆராய்ந்திருப்பது வானவில் டிரவுட் என்னும் குளிர்நீர் மாமிச மீனில். மாவுச்சத்து உள்ளே போனதும் அதன் கல்லீரலில் குளுக்கோகைனேஸ் என்ற நொதி பெருகி, வந்த சர்க்கரையைப் பிடித்துவைக்க முயல்கிறது. அதே நேரத்தில், புரதத்திலிருந்து புதுச் சர்க்கரை செய்து இரத்தத்தில் விடும் வேலையும், நம் உடலில் அடங்குவதுபோல் அடங்காமல் தொடர்கிறது. ஒரு கதவைத் திறந்து மற்றதை மூட மறந்த வீட்டைப்போல, வரவும் உற்பத்தியும் ஒன்றுசேர்கின்றன. உடம்பின் பெரும்பகுதியான தசையோ சர்க்கரையை மெதுவாகவே ஏற்கிறது. நமக்குச் சாப்பிட்ட இரண்டு மூன்று மணி நேரத்தில் இறங்கிவிடும் சர்க்கரை, அந்த மீனுக்குக் குளுக்கோஸ் கொடுத்தால் ஒரு நாள் வரைகூட உயர்ந்தே நிற்கும். இயற்கையில் புழுவும் குஞ்சு மீனும் தின்று, வேண்டிய சர்க்கரையைத் தானே செய்துகொண்ட உடல் அது. அதை நோயாளி என்று சொல்வது நியாயமில்லை.

அடுத்த தவறு தராசை மட்டும் நம்புவது. நாள்தோறும் சோற்று உருண்டை தின்ற விரால் ஒன்றை அறுத்துப் பார்த்தேன். கருஞ்சிவப்பாய் இறுக்கமாக இருக்க வேண்டிய கல்லீரல், பால் கூடிப்போன காப்பியின் நிறத்தில் வீங்கி, விரல் பட்டதும் பிசுபிசுத்து உடைந்தது. மிஞ்சிய சர்க்கரை கிளைக்கோஜன் என்னும் சேமிப்புச் சர்க்கரையாகவும் கொழுப்பாகவும் கல்லீரலில் சேர்வதால், எடை ஏறும். சதை அதற்கு ஈடாக ஏறாது.

இதைக் கேட்டு மாவுச்சத்தே கூடாது என்று முடிவு செய்பவர்களும் தவறுகிறார்கள். பெல்லட் எனும் ஆலைத் தீவன உருண்டை உதிராமல் இருக்கவும் மிதக்கவும் மாவு வேண்டும். அளவாகக் கொடுத்தால், விலை கூடிய புரதம் எரிந்து அம்மோனியாவாகச் செவுள் வழியே வீணாவதும் ஓரளவு குறையும். மாமிச மீன்களுக்குச் செரிக்கும் மாவுச்சத்து தீவனத்தில் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. மாவு வெந்திருப்பதும் முக்கியம். பச்சை மாவு பெரும்பாலும் செரிக்காமல் கழிவாகி நீரைக் கெடுக்கும்.

வீட்டில் அப்பாவுக்கு வாங்கிய சர்க்கரைக் கருவியில் மீனின் இரத்தத்தைச் சோதிப்பவர்களும் இருக்கிறார்கள். வலையில் துரத்தி, வாளியில் துடிக்கவிட்டு எடுத்த இரத்தத்தில், பயத்தில் சுரந்த ஹார்மோன்களே சர்க்கரையை ஏற்றியிருக்கும். அந்த எண்ணை வைத்துத் தீவனத்தைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கருவியும் மனித இரத்தத்துக்காகச் சீரமைக்கப்பட்டது.

மீன் எல்லாம் ஒன்று என்று நினைப்பதைத்தான் நான் பெரிய தவறாகக் கருதுகிறேன். சியாக்காப் எனப்படும் கொடுவாவும் விராலும் ஒரு பக்கம். திலாப்பியா மறு பக்கம். எல்லாம் தின்று பழகிய திலாப்பியா மாவுச்சத்தை நன்றாகவே பயன்படுத்திக்கொள்ளும். அந்தத் தம்பி இப்போது கடைச் சோற்றைத் திலாப்பியாத் தொட்டிக்கு, அதுவும் அரை மணி நேரத்தில் தின்று தீரும் அளவுக்கு மட்டும், கொண்டுபோகிறார். விராலுக்குச் சந்தையில் கழிக்கும் சில்லறை மீனை அரைத்துப் போடுகிறார்.