கடை வாசல் ஃபயர் லேனைக் காலியாக வைத்திருப்பது எப்படி

ஃபயர் லேன் என்பது தீயணைப்பு வண்டி வந்து நிற்பதற்காக எப்போதும் காலியாக விட வேண்டிய பாதை. கலிஃபோர்னியாவில் ஸ்ட்ரிப் மாலில் (பொதுப் பார்க்கிங்கைச் சுற்றி வரிசையாகக் கடைகள் உள்ள வளாகம்) மளிகைக் கடையோ உணவகமோ நடத்துகிறவர்களுக்கும், அந்த வளாகத்தைப் பராமரிப்பவர்களுக்கும் எழுதுவது இது. வாசலை ஒட்டிய சிவப்பு கர்பில் (நடைபாதையின் உயர்ந்த கான்கிரீட் விளிம்பில்) ஹசார்ட் லைட்டைப் போட்டுவிட்டு "ரெண்டே நிமிஷம்" என்று நிற்கும் கார்கள்தான் இங்கே பேச்சு. ஒரு கார் போனதும் அடுத்தது வந்து நிற்கும். சனிக்கிழமை மாலையில் அந்த ரெண்டு நிமிஷங்கள் சேர்ந்து நாலு மணி நேரமாகிவிடும்.

ஃபயர் லேனில் தடையில்லாத அகலம் 20 அடி, உயரம் 13 அடி 6 அங்குலம் இருக்க வேண்டும் என்பது தீ விதி. ஒரு கார் ஆறடிக்கு மேல் அகலம். அது நின்றால் மிச்சம் 14 அடிகூடத் தேறாது. "தீயணைப்பு வண்டி போக அது போதாதா?" என்று பலரும் கேட்பார்கள். போக முடியும், நின்று வேலை செய்ய முடியாது. கண்ணாடிகளோடு சேர்த்து வண்டியே ஏறக்குறைய 10 அடி. இரண்டு பக்கமும் கதவு திறக்க வேண்டும், பக்கவாட்டு அறைகளிலிருந்து கருவிகளை எடுக்க வேண்டும், ஹோஸை இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். ஏணி வண்டி என்றால் கவிழாமல் இருக்கத் தாங்கு கால்களை இருபுறமும் விரிக்க வேண்டும். ஸ்ப்ரிங்க்ளர் (தீப்பிடித்தால் கூரையிலிருந்து தண்ணீர் தெளிக்கும் அமைப்பு) உள்ள கட்டடத்தில் வெளியிலிருந்து தண்ணீர் ஏற்றும் குழாய் வாய் பெரும்பாலும் முன்சுவரிலோ அதன் அருகிலோ இருக்கும். அதன் எதிரே கார் நின்றால் ஹோஸை வளைத்துச் சுற்றிக் கொண்டுபோக வேண்டும். அந்தத் தாமதம் உள்ளே இருப்பவர்களின் உயிரோடு விளையாடுவது.

முதலில் காகிதம், பிறகு பெயின்ட்

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஃபயர் லேனில் நிறுத்துவதைத் தடுக்கும் கலிஃபோர்னியா வாகனச் சட்டப் பிரிவு 22500.1 தனியார் பார்க்கிங் இடத்துக்கும் பொருந்தும். ஆனால் அந்த இடத்தை உள்ளூர் தீயணைப்புத் துறை ஃபயர் லேன் என்று அறிவித்திருக்க வேண்டும். நீங்களாகவே சிவப்பு அடித்துக்கொண்டால் டிக்கெட் நிற்காது. ஆகவே தீ தடுப்புப் பிரிவைக் கூப்பிட்டு, உங்கள் வளாகத்தின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தையும், கர்பில் எழுத்து எவ்வளவு உயரம், எத்தனை அடிக்கு ஒருமுறை என்ற உள்ளூர் அளவையும் கேட்டு வாங்குங்கள். இவை ஊருக்கு ஊர் மாறும். வாடகைதாரர் என்றால் லீஸையும் பாருங்கள். பெயின்ட் வேலை பெரும்பாலும் கட்டட உரிமையாளர் பொறுப்பில்தான் இருக்கும். வேண்டுகோளை எழுத்தில் அனுப்பி நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

கர்ப் அடிப்பது

கர்பின் முகம் 6 அங்குலம், மேற்பரப்பு 6 அங்குலம் என்றால் ஓர் அடி நீளத்துக்கு ஒரு சதுர அடி. சாலைக் குறியீட்டு பெயின்ட் ஒரு கேலனுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி வரும். 100 அடி கர்புக்கு இரண்டு கோட், 2 கேலன். 200 அடிக்கு ஒரு 5 கேலன் வாளி தாராளம்.

வீட்டுச் சுவர் பெயின்ட் வேண்டாம். வெயிலில் வெளுத்து ரோஸ் நிறமாகிவிடும், பிறகு "சிவப்பு என்று தெரியவில்லை" என்ற வாதத்துக்கு நீங்களே இடம் கொடுத்தது போலாகும். உரிந்த பழைய பெயின்ட்டைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, எண்ணெய்க் கறையை டிகிரீஸரால் கழுவி, முழுக்கக் காய விடுங்கள். விடியற்காலைப் பனி ஈரத்தின் மேல் அடித்தால் தோல் தோலாக உரியும். வெப்பநிலை 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் இருக்கட்டும். புது கான்கிரீட் என்றால் ஒரு மாதம் பொறுங்கள். சிவப்பு நன்றாகக் காய்ந்த பிறகு ஸ்டென்சில் வைத்து வெள்ளையில் "ஃபயர் லேன்" என்று ஆங்கிலத்தில் எழுத வேண்டும். எழுத்தில்லாத வெறும் சிவப்பு கர்ப் இந்தச் சட்டப் பிரிவுக்குப் போதாது.

போர்டு வைப்பதானால் வழக்கமான அளவு 12 அங்குல அகலம், 18 அங்குல உயரம், ஒளி பிரதிபலிக்கும் வெள்ளைத் தளத்தில் சிவப்பு எழுத்து. ஆட்கள் நடக்கும் இடத்தில் போர்டின் அடிவிளிம்பு தரையிலிருந்து 7 அடி உயரத்தில் இருக்கட்டும். கம்பத்துக்குக் குழி தோண்டும் முன், நிலத்தடிக் குழாய்கள் போகும் இடத்தைக் குறித்துத் தரச் சொல்லும் 811 எண்ணை அழையுங்கள். நிலத்தடியில் எரிவாயுக் குழாயும் மின் கம்பியும் போகும் இடம் அது.

ஏன் அங்கேயே நிறுத்துகிறார்கள்?

எங்கள் கருத்தில் பெயின்ட்டைவிட இதுதான் முக்கியம். மளிகைக் கடையில் காரணம் பெரும்பாலும் 20 பவுண்டு அரிசி மூட்டை. உணவகத்தில் பார்சல் எடுக்க வருகிற டெலிவரி ஓட்டுநர். மூட்டையைக் காரில் கொண்டுவந்து வைப்போம் என்று பில் போடும் இடத்திலேயே எழுதி ஒட்டுங்கள், உண்மையிலேயே செய்யுங்கள். லேனுக்கு எதிர் வரிசையில் இரண்டு மூன்று இடங்களை 10 நிமிட பார்க்கிங்காக ஒதுக்க உரிமையாளரிடம் கேளுங்கள். ஆனால் மாற்றுத்திறனாளிகளுக்கான இடத்தில் கை வைக்கக் கூடாது. டெலிவரி ஆப்பின் குறிப்பில் எங்கே நிறுத்த வேண்டும் என்று எழுதிவையுங்கள்.

கார்களைத் தடுக்கிறோம் என்று பூந்தொட்டி, சங்கிலி, வேகத்தடை வைப்பதும் தவறு. அதுவும் தடைதான். தீயணைப்புத் துறை அனுமதி இல்லாமல் எதையும் வைக்காதீர்கள். பொங்கல் சமயத்தில் லேனில் அடுக்கும் கரும்புக் கட்டும், வரிசையாகக் கோத்துவிடும் ஷாப்பிங் கார்ட்டும் இதே கணக்கில்தான் சேரும்.

பேசும் விதம்

வாக்குவாதத்துக்கு இடம் கொடுக்காமல் மாற்று இடத்தைச் சொல்லுங்கள்: "சார், இது ஃபயர் எஞ்சின் நிற்கிற இடம். அந்த மூணாவது வரிசையில இடம் இருக்கு, அங்க போட்டுடுங்க. மூட்டையை நம்ம பையன் கொண்டாந்து வெச்சிடுவான்." உள்ளே ஆள் உட்கார்ந்திருக்கிறார், எஞ்சின் ஓடுகிறது என்பார்கள். சட்டம் நிறுத்துவதையே தடுக்கிறது, ஓட்டுநர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். காரில் தொங்கும் மாற்றுத்திறனாளி பார்க்கிங் அட்டைக்கும் (பிளக்கார்டு) இங்கே விலக்கு இல்லை. கோபப்படுகிறவரிடம் ஒரு முறை சொன்னால் போதும், கார் முன்னால் போய் நிற்காதீர்கள்.

திரும்பத் திரும்ப நடந்தால் போலீஸின் அவசரமற்ற எண்ணை அழையுங்கள். 911 இதற்கல்ல. எந்தக் கிழமை, எந்த நேரம் என்று இரண்டு வாரக் குறிப்பு கொடுத்தால் அந்த நேரத்துக்கு ஆள் அனுப்ப அவர்களுக்கு வசதி.

டோயிங்

டோயிங் என்பது காரை இழுத்துக்கொண்டு போய் அகற்றுவது. வாகனச் சட்டப் பிரிவு 22658-இன்படி வளாகத்தின் எல்லா நுழைவாயிலிலும் குறைந்தது 17-க்கு 22 அங்குல போர்டு வேண்டும். எழுத்து ஓர் அங்குலத்துக்குக் குறையக் கூடாது. அனுமதியின்றி நிறுத்தினால் கார் உரிமையாளர் செலவில் அகற்றப்படும் என்ற எச்சரிக்கை, உள்ளூர் போலீஸ் போக்குவரத்துப் பிரிவின் எண், எழுத்து ஒப்பந்தம் உள்ள டோயிங் நிறுவனத்தின் பெயரும் எண்ணும் அதில் இருக்க வேண்டும். பொதுவாக ஒவ்வொரு காருக்கும் தனியாக எழுத்து அனுமதி தேவை. ஃபயர் லேனில் நிற்கும் கார் அதற்கு விதிவிலக்கு, பொது அனுமதி கொடுத்து வைக்கலாம். அப்போது கார் நின்ற நிலையைப் படம் எடுப்பது டோயிங் நிறுவனத்தின் கடமை. டோயிங் நிறுவனத்திடமிருந்து கமிஷன் வாங்குவது சட்டவிரோதம்.

கார் வளாகத்தைவிட்டு வெளியேறும் முன் உரிமையாளர் வந்து கேட்டால் உடனே விட்டுவிட வேண்டும். அதை மறுத்து நிற்கும் டோயிங் நிறுவனத்தோடு ஒப்பந்தத்தைத் தொடராதீர்கள்.