பெல்ஸ் டெஸ்டுக்கு நார்ம்ஸ் போடுவது எப்படி: நான் தடுக்கி விழுந்த இடத்தோடு சேர்த்து

வலப்பக்க மூளையில் பக்கவாதம் வந்த சிலர், தட்டில் இடது பாதிச் சோறு அப்படியே இருக்க, "இன்னும் கொஞ்சம் போடும்மா" என்பார்கள். காரணம் பார்வைக் கோளாறு அல்ல, கவனம்தான் அந்தப் பக்கம் போகாது. இந்த ஒருபக்கப் புறக்கணிப்பைப் பிடிக்க 1989-ல் வந்தது பெல்ஸ் டெஸ்ட்: ஒரே தாளில் 280 வேறு படங்களுக்கு நடுவே 35 மணிப் படங்கள், எல்லாவற்றையும் வட்டமிட வேண்டும். எத்தனை மணி விட்டால் கவலைப்படலாம் என்பதை நம் நாட்டு ஆரோக்கியமானவர்களை வைத்துத்தான் சொல்ல முடியும்; அப்படி அவர்களிடமிருந்து எடுக்கும் ஒப்பீட்டு அளவுகள்தான் நார்ம்ஸ்.

1. ஆள் சேருங்கள். வயதும் படிப்பும் கலந்து இருக்கட்டும், முக்கியமாக 70 தாண்டிய, அதிகம் படிக்காதவர்கள் வேண்டும். கல்லூரி வாசலிலேயே நின்று சேர்த்தால், பென்சிலே பிடித்துப் பழகாத பாட்டியை நாளைக்கு நோயாளி என்று எழுதிவிடுவோம்.

2. தாளை உடம்பின் நடுக்கோட்டுக்கு நேராக டேப் போட்டு ஒட்டுங்கள். ஒட்டாவிட்டால் மெல்ல ஒரு பக்கம் இழுத்துக்கொள்வார்கள், அப்புறம் இடது வலது கணக்குக்கு அர்த்தமே இல்லை.

3. மொத்த மதிப்பெண்ணோடு நிற்காதீர்கள். மணிகள் 7 பத்தி, பத்திக்கு 5. இடப்பக்கம் 15, நடுவில் 5, வலப்பக்கம் 15. ஒருவர் இடப்பக்கமே 6 விடுகிறார், இன்னொருவர் இங்கே 3 அங்கே 3. மொத்தம் ஒன்றுதான், ஆனால் முதல் ஆள்தான் நாம் தேடுகிறவர். அதனால் இடது விடுபாட்டிலிருந்து வலது விடுபாட்டைக் கழித்து, அதற்குத் தனியாக நார்ம்ஸ் போடுங்கள்.

4. ரெக்ரஷன் (வயதும் படிப்பும் மதிப்பெண்ணை எவ்வளவு மாற்றுகின்றன என்று காட்டும் புள்ளியியல் கணக்கு) போட்டு வயது, படிப்பின் பாதிப்பைச் சரிக்கட்டி, சரிக்கட்டிய மதிப்பெண்களை மோசமானதிலிருந்து வரிசையாக அடுக்குங்கள். எக்செல் வேண்டாம், ஒரு செல் நகர்ந்தால்கூடத் தெரியாது. ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசம், செய்ததெல்லாம் எழுத்தில் நிற்கும்.

5. இங்கேதான் எனக்கு இரண்டு வாரம் போனது. மிக மோசமான 5 சதவீதத்தைப் பிரித்துக் காட்டும் மதிப்பெண்தான் கவலைக்கான எல்லை; நான் சேர்த்த 300 பேரில் 5 சதவீதம் 15, ஆகவே மோசமானவரிலிருந்து எண்ணி 15-ஆம் ஆளின் மதிப்பெண்தான் எல்லை என்று போட்டுவிட்டேன். தப்பு. அது இந்த 300 பேரின் 5 சதவீதம், நாட்டின் 5 சதவீதம் அல்ல. வேறு 300 பேரை எடுத்தால் எல்லை நகரும். சராசரியும் எஸ்டியும் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) வைத்துப் போடலாம் என்றால் அதுவும் ஆகாது, அதற்கு மதிப்பெண்கள் சராசரிக்கு இரு பக்கமும் சமமாகப் பரவியிருக்க வேண்டும், இங்கேயோ ஆரோக்கியமானவர்கள் ஏறக்குறைய முழு மதிப்பெண்ணில் குவிந்து கிடப்பார்கள். இத்தாலியில் கபிதானி, லயகோனா இருவரும் கொண்டுவந்த முறையில், ஆரோக்கியமானவர்களில் குறைந்தது 95 சதவீதம் பேர் எல்லைக்கு மேலே இருப்பார்கள் என்று 95 சதவீத உறுதியோடு சொல்ல முடிய வேண்டும். பைனாமியல் என்ற நிகழ்தகவுக் கணக்கில் 300 பேருக்கு அது மோசமானவரிலிருந்து 9-ஆம் ஆள். 59 பேருக்குக் கீழே இருந்தால் இந்த எல்லையே கிடைக்காது, 59-ல்கூட மிக மோசமான ஒரே ஒருவரை நம்பித்தான் நிற்போம்.

பின்சேர்க்கை: வலமிருந்து இடமாகப் படிப்பவர்களை என்ன செய்வது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி, எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு கோட்டின் நடுப்புள்ளியைக் குறிக்கச் சொல்லும் சோதனையில் பிரெஞ்சு வாசகர்கள் சற்று இடப்பக்கமும் ஹீப்ரு வாசகர்கள் சற்று வலப்பக்கமும் சாய்ந்ததாக 1993-லேயே காட்டியிருக்கிறார்கள். இந்தியாவுக்கு நார்ம்ஸ் என்றால் உருது மட்டும் படிப்பவர்களும் உண்டே. ஆகவே படிவத்தில் "எந்த எழுத்தில் படித்தீர்கள்" என்று ஒரு கட்டம் முதல் நாளே சேர்த்துவிடுங்கள், நான் இப்போது ஒவ்வொருவருக்காகப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.