பென்ச்சைத் திருப்புங்கள், பிறகு பையனைத் திட்டலாம்

மதுரைப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில், தொழிற்கல்விப் பிரிவுக்குப் பல வருஷம் செய்முறை சொல்லிக்கொடுத்தேன். பட்டறையில் மேற்குச் சுவர் வரிசை பென்ச்சில் நிற்கிற பையன்கள் அராவிய ஜாப், அதாவது அரத்தால் தேய்த்து அளவுக்குக் கொண்டுவருகிற இரும்புத்துண்டு, மட்டும் எப்போதும் அரை மில்லி கூடவே இருக்கும். 48 மி.மீ. சதுரம் கேட்டால் 48.5. பையன்கள் மாறினார்கள், அந்த அரை மில்லி மாறவில்லை. நானும் வருஷா வருஷம் திட்டிக்கொண்டே இருந்தேன். குற்றம் பையனிடம் இல்லை, வெளிச்சத்தில்.

ஒருநாள் லீவு போட்ட பையன் இடத்தில் நின்று நானே அரம் பிடித்தேன். ஜன்னல் முதுகுக்குப் பின்னால். ஜாப்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸை என் தோள் நிழல் மூடிக்கொண்டது, அளவுக்குப் போட்ட கோடு போன இடம் தெரியவில்லை. கோடு தெரியாதவன், வெட்டிவிடுவோமோ என்று பயந்து முன்னாலேயே நிறுத்திவிடுகிறான்.

அதனால் முதல் வேலை, காலை பத்து மணிக்கும் மதியம் மூன்று மணிக்கும் ஒவ்வொரு வைஸ் மேலும் வெள்ளைத்தாள் வைத்து, பையனை அராவுகிற நிலையில் நிற்க வைத்துப் பாருங்கள். தாளில் அவன் நிழல் விழுந்தால் பென்ச்சைத் திருப்ப வேண்டும். வலக்கைப் பழக்கக்காரனுக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து, கொஞ்சம் முன்னால் வரட்டும். இடக்கைப் பையன் இருந்தால் வரிசையின் எதிர்முனையை அவனுக்குக் கொடுங்கள். பென்ச் தரையோடு போல்ட் போட்டதா? வைஸை மட்டுமாவது கழற்றி மாற்றிப் போடலாம், அரை மணி நேர வேலை.

மார்க்கிங்குக்கு, அதாவது இரும்பில் அளவுக்கோடு கீறுவதற்கு, வெளிச்சம் எவ்வளவு என்பதைவிட எந்தச் சாய்வில் வருகிறது என்பதுதான் முக்கியம். அராவிய இரும்பு பளபளக்கும், நேர் வெளிச்சத்தில் கோடு கரைந்துபோகும். ஜன்னல் வெளிச்சம் கோட்டுக்குக் குறுக்கே தாழ்வாக விழும்படி ஜாப்பைத் திருப்பினால் கீறல் எழுந்து நிற்கும். மயில்துத்தக் கரைசல் பூசிய பரப்பில் செம்புநிறத்தின் நடுவே கோடு வெள்ளையாகத் தெரியும், அதற்கும் இதே சாய்வுதான்.

மூலை நேராக இருக்கிறதா என்று மூலைமட்டம் வைத்துச் சரிபார்ப்பது நேர்மாறு. அங்கே வெளிச்சம் ஜாப்புக்குப் பின்னால் இருக்க வேண்டும். ஜாப்பைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, மட்டத்தின் அலகுக்கும் இரும்புக்கும் நடுவே ஒளி கசிகிறதா என்று பார்ப்போம். நூறில் ஒரு பங்கு மில்லி இடைவெளிகூட மெல்லிய வெள்ளிக்கம்பியாகத் தெரியும். சூரியனை நோக்கிப் பிடித்தால் கண் கூசி ஒன்றும் தெரியாது. எங்கள் பட்டறையில் வெயில் படுகிற வெள்ளைச் சுவரைப் பார்த்த ஒரு ஜன்னலை இதற்கென்றே ஒதுக்கி, தரையில் பெயின்ட்டால் இரண்டு பாதம் வரைந்துவைத்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள், ஆனால் அங்கேதான் போய் நின்றார்கள்.

லேத்தையும் (கடைசல் இயந்திரம்) ஜன்னல் பக்கம் போடுவது நல்லது. சோக் வைத்த பழைய டியூப்லைட் வினாடிக்கு நூறு முறை மினுக்கும். சில வேகங்களில், ஜாப்பைப் பிடித்துக்கொண்டு சுற்றுகிற சக் நிற்கிற மாதிரியோ மெதுவாக ஓடுகிற மாதிரியோ தோன்றும். கை போனால் போனதுதான். பகல் வெளிச்சத்தில் அந்த ஏமாற்று கிடையாது.

வடக்கு ஜன்னல் வைத்தால் வெயில் வராது என்பார்கள். கோயம்புத்தூர்ப் பழைய மில்களில் வடக்குப் பார்த்துக் கண்ணாடி வைத்த ரம்பப்பல் கூரையும் அந்தக் கணக்குதான். நம் ஊரில் சித்திரை முதல் ஆவணித் தொடக்கம் வரை உச்சிச்சூரியன் வடக்கே நிற்கிறது. ஆனால் கிட்டத்தட்டத் தலைக்கு மேல் நிற்பதால் ஒன்றரை அடி சன்ஷேடே நிழல் தந்துவிடும். தொல்லை கொடுப்பது கார்த்திகை முதல் தை வரை தெற்கு ஜன்னல், வருஷம் முழுக்க மேற்கு ஜன்னல். அங்கே காடாத்துணி கட்டுங்கள், வெயில் பரவி மென்மையாக உள்ளே வரும். கூரையில் கண்ணாடி ஷீட் போட்டிருந்தால் அதற்கும் கீழே அதே துணி.

ஜன்னலை மறைக்கிற பீரோவை நகர்த்துவது, கண்ணாடியில் படிந்த எண்ணெய்ப் புகையைத் துடைப்பது, சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது எல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கால அட்டவணையை மட்டும் தலைமையாசிரியரிடம் கெஞ்சியாவது மாற்றுங்கள். மார்க்கிங்கும் வெர்னியர் (நுண்ணளவுக் கருவி) அளவும் முற்பகலில், ஹாக்சா (இரும்பறுக்கிற ரம்பம்) அறுப்பும் முரட்டு அராவலும் பிற்பகலில். ஐப்பசி அடைமழையில் மூன்று மணிக்கே இருட்டிவிடும், கரன்ட்டும் போகும். செய்முறைத் தேர்வன்று வானம் மூடியிருந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். பென்ச்சுக்கு ஒன்றாக, இடப்பக்கம் கிளிப் போடுகிற சார்ஜ் விளக்கு வாங்கிவைத்திருக்கிறேன். முந்தின நாள் ராத்திரியே சார்ஜில் போட்டுவிட வேண்டும்.