சி மொழியில் வைட் கேரக்டரை வகை பிரிப்பது: புள்ளியில் உடையும் சொற்கள்

எழுத்தா என்று சோதிக்கும் சி ஃபங்ஷனான இஸ்ஆல்ஃபா ஒரு நேரத்தில் ஒரு பைட்டைத்தான் பார்க்கும். யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ‘ழ’ 3 பைட் என்பதால் தமிழுக்கு அது உதவாது. ஒரு குறியை முழுதாக ஒரே எண்ணாக வைப்பது வைட் கேரக்டர்; அதை வகை பிரிக்க டபிள்யூசிடைப் என்ற ஹெடர் கோப்பைச் சேருங்கள். எழுத்தா என்று கேட்க இஸ்டபிள்யூஆல்ஃபா, இலக்கத்துக்கு இஸ்டபிள்யூடிஜிட், இடைவெளிக்கு இஸ்டபிள்யூஸ்பேஸ் என அதில் 12 ஃபங்ஷன்கள் உண்டு.

மெயினில் முதல் வேலையாக, லொகேலை (நிரலின் மொழி, குறியாக்க அமைப்பை) தேர்ந்தெடுக்கும் செட்லொகேலை அழையுங்கள்: முதல் ஆர்க்யுமென்ட் எல்சி_சிடைப், அடுத்தது வெற்று ஸ்ட்ரிங். வெற்று மதிப்பான ‘நல்’ திரும்பினால் கேட்ட லொகேல் கிடைக்கவில்லை, அங்கேயே நிறுத்துங்கள். இந்த வரியை மறந்தால் நிரல் ‘சி’ லொகேலிலேயே ஓடும். லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சி அப்போது ‘அ’வையே எழுத்தில்லை என்றுவிடும்.

படித்த எழுத்தை விண்ட்_டி வகை வேரியபிளில் வையுங்கள். டபிள்யூசார்_டி போட்டால் கோப்பு முடிந்ததைச் சொல்லும் டபிள்யூஇஓஎஃப் அதில் அடங்காமல் போகலாம். விடையை 1 உடன் ஒப்பிடாதீர்கள். பூஜ்ஜியம் அல்லாத எதுவும் ‘ஆம்’தான்.

தமிழுக்கே உரிய சிக்கல் புள்ளி. ‘தமிழ்’ என்பது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 வைட் கேரக்டர். முதல் நான்கையும் ஜிலிப்சி எழுத்தாக ஏற்கும். புள்ளியை ஏற்காது, யூனிகோடின் அகரவரிசைப் பண்பு அதற்கு இல்லை, நிறுத்தக்குறிகளோடு சேர்த்துவிடும். இஸ்டபிள்யூஆல்ஃபாவை மட்டும் நம்பிச் சொல் பிரித்தால் ‘கற்றல்’ என்பது ‘கற’, ‘றல’ என இரண்டாக உடையும். ஆகவே சொந்தமாக ஒரு சிறு ஃபங்ஷன் எழுதி, இஸ்டபிள்யூஆல்ஃபா ‘ஆம்’ என்றாலும், எண் 3021 ஆக இருந்தாலும் எழுத்து என்று கொள்ளுங்கள். புள்ளியின் குறியெண் அதுதான்.

இலக்கத்திலும் ஒரு வேடிக்கை: இஸ்டபிள்யூடிஜிட் 0 முதல் 9 வரை மட்டுமே ஏற்கும். ‘௫’ ஜிலிப்சிக்கு எழுத்து! தமிழ் எண்கள் வேண்டுமென்றால் 3046 முதல் 3055 வரை நீங்களே சோதித்து, 3046-ஐக் கழித்தால் மதிப்பு வரும்.

இணையத்திலிருந்து ஒட்டிய உரையில் 160 என்ற பிரியா இடைவெளி ஒளிந்திருக்கும். ஜிலிப்சியின் இஸ்டபிள்யூஸ்பேஸ் அதைக் கண்டுகொள்ளாது, தனியாகச் சேருங்கள்.

சோதனை விடைகளை அச்சிடும்போது பிரிண்ட்எஃப், டபிள்யூபிரிண்ட்எஃப் இரண்டையும் ஒரே ஸ்ட்ரீமில் கலக்காதீர்கள். முதலில் வந்தது எதுவோ அதற்கே ஸ்ட்ரீம் கட்டுப்படும். ஜிலிப்சியில் மற்றது எதையும் அச்சிடாமல் பிழை மதிப்பை மட்டும் திருப்பும்.