எக்ஸ் 11: மறைந்திருந்த சாளரப் பகுதியைத் திரும்ப வரைவது

ஒரு சாளரத்தின் மேல் இன்னொன்று வந்து உட்கார்ந்தால், அடியில் இருந்த பிக்சல்களை எக்ஸ் சர்வர் (லினக்ஸ் போன்றவற்றில் எக்ஸ் 11 முறைப்படி திரையில் சாளரங்களைக் காட்டும் நிரல்) பத்திரப்படுத்தும் என்று நம்பாதீர்கள். மேலே இருந்தது விலகியதும் எக்ஸ்போஸ் நிகழ்வு, அதாவது 'இந்தப் பகுதி திறந்துவிட்டது' என்ற அறிவிப்பு, வரும். வரைய வேண்டியது உங்கள் நிரல்தான்.

முதலில், எந்த நிகழ்வுகள் வேண்டும் என்று சர்வரிடம் சொல்லும் எக்ஸ்செலக்ட்இன்புட்டில் (XSelectInput) எக்ஸ்போஷர்மாஸ்க்கைச் (ExposureMask) சேருங்கள். அதற்குப் பிறகே சாளரத்தைத் திரையில் காட்டும் எக்ஸ்மேப்விண்டோ (XMapWindow). வரிசை மாறினால் முதல் எக்ஸ்போஸ் தவறிப்போய், வெற்றுச் சாளரம் முறைத்துக்கொண்டு நிற்கலாம்.

நிகழ்வில் செவ்வகத்தின் இடம், அகலம், உயரம், கூடவே இன்னும் எத்தனை எக்ஸ்போஸ் பின்னால் வருகிறது என்று சொல்லும் கவுன்ட் என்ற எண் இருக்கும். 'ட' வடிவில் ஒரு பகுதி திறந்தால் இரண்டு செவ்வகங்கள் வரலாம்: முதலாவதில் கவுன்ட் 1, அடுத்ததில் 0. ஒவ்வொன்றுக்கும் முழுச் சாளரத்தையும் வரைவதுதான் பலர் செய்யும் தப்பு. செவ்வகங்களை எக்ஸ்யூனியன்ரெக்ட்வித்ரீஜனால் (XUnionRectWithRegion) ஒரே பகுதியாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். கவுன்ட் 0 ஆனதும் எக்ஸ்செட்ரீஜனால் (XSetRegion) அந்தப் பகுதிக்கு எல்லை கட்டி ஒரே தடவை வரையுங்கள். வரைந்ததும் அந்த எல்லையை நீக்க மறந்தால், அடுத்து வரைவதெல்லாம் பழைய செவ்வகத்துக்குள்ளேயே வெட்டுப்படும்.

மினுக்குகிறதா? எக்ஸ்போஸ் அனுப்புமுன் சர்வரே பின்னணி நிறத்தைப் பூசிவிடுகிறது. அதைத் தவிர்க்கப் பின்னணியை None (எதுவும் பூசாதே) என்று வையுங்கள். வரைவது கனமென்றால் பிக்ஸ்மேப்பில் (திரையில் தெரியாமல் நினைவகத்தில் இருக்கும் படம்) வரைந்து எக்ஸ்காப்பிஏரியாவால் (XCopyArea) சாளரத்துக்கு நகலெடுங்கள். 1920×1080 அளவுக்கு, பிக்சலுக்கு 4 பைட் வீதம், சுமார் 8 எம்பி நினைவகம் போகும்.

சோதிக்கும்போது கம்போசிட்டரை (சாளரங்களை ஒன்றுசேர்த்துத் திரையில் காட்டும் நிரல்) அணைத்துவிடுங்கள். அது ஓடினால் சாளரம் திரைக்கு வெளியே முழுசாகச் சேமிக்கப்படும், பிழை கண்ணிலேயே படாது.