வீட்டில் போட்டோ அச்சிட எந்தப் பிரிண்டர்? கச்சானுக்கும் மாரிக்கும் தாங்கும் தெரிவு

கடையில் பெட்டியைத் திருப்பி முதலில் காட்டுவது 5760 டிபிஐ (ஓர் அங்குலத்தில் விழும் புள்ளிகள்) போன்ற பெரிய எண்ணைத்தான். அதை விட்டுவிடுங்கள். திருகோணமலை வீடுகளில் போட்டோ பிரிண்டர் பழுதாவது பெரும்பாலும் சும்மா கிடந்துதான். மே தொடக்கம் ஓகஸ்ட் வரை வறண்ட கச்சான் காற்று அடிக்கும்போது நொசில் எனும் மை வெளிவரும் நுண்துளைகளில் மை காய்ந்துபோகும், புழுதியும் உள்ளே போகும். மாரியில் தாள் ஈரம் குடித்து வளையும். அதனால் பிரிண்டரின் திறமையைப் பார்க்குமுன் உங்கள் பாவனையைப் பாருங்கள்.

முதலில் எண்ணிப் பாருங்கள்

போனைத் திறந்து கடந்த மூன்று மாதப் படங்களில் உண்மையாகவே தாளில் வேண்டும் என்று நினைப்பவற்றைத் தனி அல்பமாக்குங்கள். வரும் எண்ணிக்கையை மூன்றால் பிரித்தால் உங்கள் மாதக் கணக்கு கிடைக்கும். அவற்றில் எத்தனையை ஏ4 அளவில் சுவரில் மாட்டுவீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் படத்தை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அதற்கு அங்கீகாரம் பெற்ற ஸ்டூடியோவுக்குத்தான் போக வேண்டும்.

மாதம் இருபதுக்குக் குறைவு, எல்லாம் போஸ்ட்காட் அளவு என்றால் ரிப்பனின் நிறத்தைச் சூட்டால் தாளில் ஏற்றும் டை சப்ளிமேஷன் வகையை எடுங்கள். கிழமைக்கு ஒரு தடவையாவது அச்சிடுவீர்கள், ஏ4 படமும் வேண்டும் என்றால் போத்தல் மையை ஊற்றி நிரப்பும் ஆறு நிற மை டாங்க் பிரிண்டர் பொருந்தும். லேசர் பிரிண்டர் கடிதத்துக்கு நல்லது, படத்துக்கு வேண்டாம். திரவ மை தூவும் இன்க்ஜெட் பிரிண்டருக்கான போட்டோ தாளை அதற்குள் விட்டால் உள்ளிருக்கும் சூட்டு உருளையில் தாளின் பூச்சு உருகி ஒட்டக்கூடும்.

டை சப்ளிமேஷன் எப்படி வேலை செய்கிறது

கனன் செல்ஃபி சிபி1500 இந்த வகை. இதில் திரவ மை இல்லை, ரிப்பன்தான். தாள் நான்கு தடவை வெளியே வந்து உள்ளே போகும்: மஞ்சள், மஜெந்தா (ஊதாச் சிவப்பு), சயன் (பச்சை நீலம்), கடைசியாக நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு. முதல் தடவை மஞ்சள் முகத்தோடு தாள் வெளியே வரும்போது பலர் பிழை என்று நினைத்துப் பிடித்து இழுத்துவிடுகிறார்கள். நான்காவது தடவை முடியும்வரை கை வைக்காதீர்கள். தாள் பின்பக்கமும் நீளும், ஆகவே பிரிண்டரைச் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது.

ஆறு மாதம் அலுமாரியில் கிடந்தாலும் காய்ந்து அடைபட இதில் எதுவும் இல்லை. நம்மூருக்கு அதுதான் பெரிய வசதி. கடற்கரைப் பக்க வீடுகளில் இதற்கு எதிரி தூசி. தாளில் ஒரு மணல் துகள் இருந்தால் அந்த இடத்தில் நிறம் ஏறாமல் வெள்ளைப் புள்ளி விழும். கச்சான் நாளில் யன்னலைச் சாத்திவிட்டு அச்சிடுங்கள்.

செலவுக் கணக்கு எளிது. தாளும் ரிப்பனும் ஒரே பொதியில் வரும். 108 தாள் பொதியின் விலையை 108ஆல் பிரியுங்கள், ஒரு படத்தின் விலை அதுதான். அதைப் பக்கத்து ஸ்டூடியோவின் விலையோடு ஒப்பிடுங்கள். இடையில் கறண்ட் போனால் அந்தத் தாளும் ரிப்பனின் அந்தப் பங்கும் வீண். அதற்கென்று தனியாக விற்கும் பற்றரியும் உண்டு.

இன்னொன்று, முடிந்த ரிப்பனை வெளிச்சத்தில் பிடித்தால் அச்சிட்ட முகங்கள் நெகட்டிவ் போலத் தெளிவாகத் தெரியும். குப்பையில் போடுமுன் வெட்டிப் போடுங்கள்.

மை டாங்க் என்றால் கடையில் சோதித்துப் பாருங்கள்

எப்சன் எல்8050 போன்றவற்றில் வழக்கமான நான்கு நிறத்தோடு வெளிர் சயனும் வெளிர் மஜெந்தாவும் உண்டு. நான்கு நிறம் மட்டும் என்றால் வெளிர் வானத்தையும் கன்னத்தையும் அடர்ந்த மைப் புள்ளிகளை ஐதாகத் தூவித்தான் காட்ட வேண்டும். பார்வைக்கு அது மணல் தூவியது போல இருக்கும். பாடசாலை வேலைக்கு வாங்கும் சில டாங்க் பிரிண்டர்களில் கறுப்பு மட்டும் பிக்மென்ட் மை, அதாவது கரையாத நிறத் துகள் கலந்த மை. பளபளப்புத் தாளில் அது பிடிக்காது என்பதால் மற்ற மூன்று நிறத்தைக் கலந்தே கறுப்பு வரும், கூந்தல் மண்ணிறம் தட்டும்.

ஆகவே பென் டிரைவில் உங்கள் படம் ஒன்றைக் கொண்டுபோங்கள். உப்புவெளிக் கரையிலிருந்து காலையில் எடுத்தது, பின்னால் கோணேசர் மலை, முன்னால் பட்டுச் சேலையில் ஒருவர் என்றால் வானம், தோல், கருங்கூந்தல் மூன்றையும் ஒரே தாளில் சோதிக்கலாம். வந்த படத்தைக் கடைக்கு வெளியே கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

பிறகு மூன்று கேள்வி. இதன் மை இங்கேயே கிடைக்குமா, கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டுமா? துப்புரவு செய்யும்போது கழியும் மை சேரும் பஞ்சு நிரம்பினால் நாமே மாற்றலாமா? ஹெட் (நொசில்கள் உள்ள, மை தூவும் பகுதி) பழுதானால் மாற்ற என்ன செலவு? மூன்றுக்கும் நேரான பதில் வராவிட்டால் அந்த மொடல் வேண்டாம். மை நிரப்பிய பிரிண்டரை ஓட்டோவில் கொண்டுவந்தால் சரிக்காமல் மடியில் சமமாக வையுங்கள்.

தாள்

மலிவான பளபளப்புத் தாளின் பின்பக்கம் வெறும் காகிதம். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் ஊறும், மாரியில் அது குழாய் போலச் சுருளும். ரெசின் பூச்சுத் தாளின் பின்பக்கத்தில் தண்ணீர் உருண்டு நிற்கும். சதுர மீற்றருக்கு 230 தொடக்கம் 260 கிராம் எடையில் அதை வாங்குங்கள். பெரிய பொதி வேண்டாம், 20 தாள் போதும். திறந்த பொதியைச் சிலிக்கா ஜெல்லோடு இறுக்கமான டப்பாவில் வையுங்கள்.

முதல் படம்

நான்குக்கு ஆறு அங்குலத்துக்கு 1200க்கு 1800 பிக்சல் வேண்டும், ஏ4க்கு 2480க்கு 3508. வட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படம் சுருங்கியே வரும். சிறிய அளவுக்குச் சமாளிக்கலாம், ஏ4இல் முகம் கலங்கும். அனுப்புபவரிடம் டொக்கியுமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

போன் படத்தின் விகிதம் பெரும்பாலும் 4:3, நான்குக்கு ஆறு அங்குலத் தாளுடையது 3:2. ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும். பிரிண்டரின் போக்கில் விட்டால் அம்மம்மாவின் தலை உச்சி போய்விடும். நீங்களே முதலில் வெட்டுங்கள்.

அச்சிடும் திரையில் தாளின் வகையைக் கட்டாயம் மாற்றுங்கள். பிளெய்ன் பேப்பர் என்றே விட்டால் மையின் அளவு அந்தத் தாளுக்குப் பொருந்தாது. படம் மங்கும் அல்லது மை குளமாக நிற்கும். வந்த படத்தை ஒரு நாள் காயவிட்டு, கண்ணாடியில் முட்டாதபடி நடுவில் மட்டை வைத்து பிரேம் போடுங்கள். நேரே முட்டினால் மாரி ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், உரித்தால் முகம் கண்ணாடியில் நிற்கும்.

டாங்க் பிரிண்டரை நிறுத்தும் விதம்

சுவர்ச் சுவிட்சை முதலில் நிறுத்தக் கூடாது. பிரிண்டரின் பட்டனை அமத்தினால்தான் ஹெட் தன் மூடியில் போய் உட்காரும். அச்சிடும்போது கறண்ட் போனால் ஹெட் வெளியிலேயே நிற்கும். கறண்ட் வந்ததும் மீண்டும் போட்டு, பட்டனால் நிறுத்துங்கள்.

கிழமைக்கு ஒருமுறை நொசில் செக் (ஒவ்வொரு நிறத்துக்கும் சோதனைக் கோடுகள் அச்சிடும் தெரிவு) எடுங்கள், சாதாரண ஏ4 தாள் போதும். ஒரு நிறத்தின் கோடுகளில் இடைவெளி தெரிந்தால் ஹெட் கிளீனிங் ஒன்று, திரும்ப நொசில் செக். மூன்று தடவைக்கு மேல் தொடர்ந்து செய்ய வேண்டாம், மை வீணாகப் பஞ்சில் சேரும். நிறுத்திவிட்டு இரவு முழுக்க விடுங்கள். காய்ந்த மை ஊறி இளக நேரம் கொடுத்து, காலையில் இன்னொரு நொசில் செக் எடுத்த பிறகு திருத்துபவரிடம் கொண்டுபோவதா என்று முடிவெடுங்கள்.